வெயிலில் ஏறிய தண்ணீர்

முதல் வண்டியில் ஜின்னிங் மில்காரர். ஓட்டியதும் அவர்தான். அவர் பக்கத்தில் நூல்கடைக்காரர். இரண்டாவது வண்டியில் விசைத்தறி ஷெட் வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் நிலம் முடித்துக் கொடுக்கும் புரோக்கர். மூன்றாவது வண்டியில் நான். என் பக்கத்துச் சீட்டில் அரிசி மூட்டை.

மூட்டைக்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தேன். மாட்டாவிட்டால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி விடாமல் கத்தும்.

அந்த நாலு பேரும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஐம்பதை நெருங்கியவர்கள். நான் அவர்களைவிட நாலைந்து வயது மூத்தவன். ஐந்தாவதோடு நின்றவன். ஊர் திருச்சுழிப் பக்கம். முப்பது வருஷம் லாரியில் பஞ்சு லோடு ஓட்டினேன். லாரிக்காரர் லாரியை விற்றுவிட்டார். அதிலிருந்து ஆக்டிங் டிரைவர். யார் வண்டிக்கு ஆள் வேண்டுமென்றாலும் கூப்பிடுவார்கள், போவேன்.

மூன்றாவது வண்டி நூல்கடைக்காரருடையது. நான் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போதும் அப்படியே வருகிறது. வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கூரையில் கண்ணாடி திறக்கும். சீட்டுக்குள் சூடு வரும். அருப்புக்கோட்டையில் சீட்டுக்குச் சூடு எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

நாலு பேருக்கு இரண்டு வண்டி போதும். மூன்று வண்டி என்பது மில்காரர் யோசனை.

"மூணு வண்டி வரிசையாப் போனாத்தாம்லே போட்டோல எடுப்பா இருக்கும்" என்றார்.

"அப்ப என் வண்டியில யாருலே வருவா?" என்று முதலாளி கேட்டார்.

"சாமான் வரும். நாங்கள்லாம் புது வண்டியில பொண்டாட்டிய ஏத்துனோம். நீ அரிசிய ஏத்து. அரிசி ஒண்ணும் கேள்வி கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பேச்சுத் துணைக்கு அவர் மில்காரர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் கடைக்குப் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைக் கொடுத்தார்.

"இது ஒன் வண்டியிலயே கெடக்கட்டும்ப்பா. அவனுக கண்ணுல படவேணாம்."

"என்னது மொதலாளி?"

"காத்து."

பார்த்தேன். ஆறு டப்பா இருந்தது. கொசு மருந்து அடிக்கிற டப்பா மாதிரி, ஆனால் எடையே இல்லை. மூச்சு முட்டினால் மூக்கில் வைத்து அடித்துக்கொள்கிற ஆக்சிஜன். கூட மாத்திரை.

இருபத்தைந்து வருஷம் நூல் தூசியில் இருந்தவர். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரில் ஏதோ பார்ப்பதுபோல் பார்ப்பார். நான் கவனித்திருக்கிறேன்.

"டாக்டர் என்ன சொன்னாக?"

"போகவே கூடாதுன்னாரு. அங்க காத்து கம்மியாம்."

"பெறகு?"

"பெறகென்ன? சின்னதுலருந்து ஒண்ணாத் திரியுறவனுக. மூணு பேரும் இமயமலைக்குப் போவானுக, நான் இங்ஙன உக்காந்து நூல் நெறுத்துக்கிட்டு இருக்கணுமா? நீ ஒருத்தன்ட்டயும் சொல்லாத."

"சரிங்க" என்றேன்.

அவர் மலை ஏறி, மூச்சோடு இறங்க வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பையை என் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

எனக்கு வீட்டில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. வீட்டுக்காரி போய் ஆறு வருஷம். மகள் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். போன் போட்டேன். எடுக்கவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வண்டியிலும் வண்டிக்கொரு வாக்கி டாக்கி. மதுரை தாண்டுமுன்னே அதில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார், ஒன்றாகப் பார்த்த பெண், தேர்வில் காப்பி அடித்தது. நாலு பேரும் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசினாலும் அவர்களுக்குக் கேட்கும். நான் பேச ஒன்றும் இல்லை. "டிரைவரு, டீசல் போடணும், இடது ஓரமா வாங்க" என்பார்கள். "சரிங்க" என்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு சரிங்க. அவ்வளவுதான் என் பேச்சு. வண்டியில் வழி சொல்கிற பெண் குரல் ஒன்று இருந்தது. இங்கிலீஷ். இரண்டாம் நாளில் அது லெஃப்ட் சொல்வதும் ரைட் சொல்வதும் எனக்குப் பிடிபட்டது. அணைக்கத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் அணைக்கவில்லை.

மத்தியானம் எங்கேயாவது மரத்தடியில் நிறுத்துவோம். அடுப்பைப் பற்றவைத்துச் சோறும் புளிக்குழம்பும் வைப்பேன். முதலில் அவர்கள் சாப்பிடுவார்கள்.

"டிரைவரு, எங்க வீட்ல இந்தக் கொழம்பு வச்சிருந்தா நான் ஏன் மலைக்கு வாரேன்?" என்பார் தறிக்காரர்.

அவர்கள் முடித்ததும் வண்டியின் பின்கதவைத் திறந்து அதில் உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தங்களோடு உட்காரச் சொல்லவும் இல்லை.

நாக்பூர் வரைக்கும் எனக்குத் தெரிந்த ரோடு. பஞ்சு ஏற்றப் போய்ப் பழகிய ஊர். லாரிக்காரர்கள் பேசுகிற கொஞ்சம் இந்தியும் அங்கே பழகியதுதான். ஒரு மில் வாசலில் முன்பு நான் குளித்த தொட்டி அப்படியே இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தேன். இங்கேதான் லோடு ஏற்றுவேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் புரோக்கர் ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வைத்துவிட்டேன். நாக்பூர் தாண்டியதும் எனக்குத் தெரிந்த இந்தியா முடிந்தது.

ஆறாம் நாள் மணாலி. அன்றைக்கு ராத்திரி ஒரு தங்கல். மறுநாள் விடியுமுன் கிளம்பி, பெரிய சுரங்கம் ஒன்றில் நுழைந்து மலைக்கு அந்தப்பக்கம் வந்தோம். அங்கே மரம் கிடையாது. புல்லும் அங்கங்கேதான். கல்லும் மண்ணும். வெயில் சுள்ளென்று அடித்தது.

"ஏலே, நம்மூருதாம்லே இது" என்றார் மில்காரர் வாக்கி டாக்கியில். "கருவேல முள்ளு ஒண்ணுதான் இல்ல."

"இவ்வளவு தூரம் வந்து திருச்சுழி ரோட்டத்தான் பாக்கணுமா?" என்றார் புரோக்கர்.

முதலாளி குரல் வரவில்லை. நான் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க காத்து நல்லாத்தாம்லே இருக்கு" என்றார். ஒரு மூச்சில் சொல்லவில்லை. இரண்டாகச் சொன்னார்.

தார் ரோடு முடிந்து கல் ரோடு. ஒரு பக்கம் பள்ளத்தில் ஆறு. பத்தரை மணிக்கு ஒரு ஓடை குறுக்கே வந்தது. பாலம் இல்லை. மலையிலிருந்து இறங்கி ரோட்டின் மேலேயே ஓடி, அந்தப்பக்கம் பள்ளத்தில் விழுந்தது. தண்ணீருக்குள் பானை பானையாய்க் கல்.

மில்காரர் இறக்கினார். ஆடி ஆடிப் போய் ஏறிவிட்டார். தறிக்காரர் போனார். நடுவில் ஒரு சக்கரம் சுற்றியது. வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. பிறகு பிடித்து ஏறிவிட்டது.

என் வண்டியில்தான் லோடு அதிகம். நான் இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. குச்சி விட்டுப் பார்த்தேன். எனக்குப் பயம்தான். என் வண்டி இல்லை அது.

நம் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். குண்டாற்றில் என்றைக்காவது வந்தால் கரையில் வண்டியை நிறுத்துவோம். மழை விட்டு வெயில் அடித்தால் போதும். அரை நாளில் இறங்கும். மறுநாள் மணல். தண்ணீரை வெயில் குடிக்கும். அதற்கு மேல் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இங்கேயும் மேகம் ஒரு துண்டுகூட இல்லை.

வாக்கி டாக்கியை எடுத்தேன். "மொதலாளி, நீங்க முன்னால போங்க. வெயில் ஏறட்டும். தண்ணி வத்தவும் வாரேன்."

"அதுவும் சரிதான்" என்றார் மில்காரர். "அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு மணிக்குள்ள மணலாயிரும்."

"அவசரப்பட்டு வண்டிய உருட்டிராதீக" என்றார் தறிக்காரர்.

ஐந்து பேரில் ஒருவருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. மேலே இரண்டு மூன்று கிலோமீட்டரில் கூடாரம் போட்டு டீக்கடை ஒன்று இருந்தது. அங்கே இருக்கிறோம் என்று போய்விட்டார்கள். வளைவு வரைக்கும் வண்டி தெரிந்தது.

கண்மாயில் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கக் கரையில் கல் வைப்போம். அதேபோல் தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல் வைத்தேன். வண்டிக்குள் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கல்லைக் காணோம். இடம் தப்பாய்ப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். இன்னொரு கல், பெரிதாக வைத்தேன். ஒரு மணிக்கு அதையும் காணோம். இந்தத் தடவை நான் அதன் பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் என் ஷூவைத் தொட்டது. பின்னால் நகர்ந்தேன். மறுபடி தொட்டது.

வெயில் உச்சியில் இருந்தது. தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் வந்தது.

ரோடு வேலை செய்கிறவர் ஒருவர், மண்வெட்டியோடு, என்னைப் பார்த்து நின்றார். பீகார்ப் பக்கத்து ஆள். என் லாரி இந்தியில், வெயில் அடிக்கிறது, தண்ணீர் எப்போது வற்றும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டியால் மலை உச்சியைக் காட்டினார். மேலே பனிக்கட்டி. வெயில் ஏற ஏற அது உருகும். உருகினால் இங்கே தண்ணீர். சாயங்காலம் இதைவிட அதிகம் வரும். ராத்திரிக் குளிரில் உறையும். விடிகாலை ஐந்து மணிக்குத்தான் குறையும். அதை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் புரியாத ஆள் என்று நினைத்துவிட்டார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

காலையில் நான் நின்றேனே, அந்த நேரம்தான் கடக்கிற நேரம்.

வாக்கி டாக்கியில் சொன்னேன்.

"என்னது? வெயில்ல தண்ணி ஏறுதா?" என்றார் புரோக்கர். "டிரைவரு, நல்லாத் தூங்கி எந்திரிச்சீகளாக்கும்?"

"இல்லங்க. மேல ஐஸ் கெடக்காம். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குத்தான் வத்துமாம்."

"அப்ப எங்க பெட்சீட்டெல்லாம்?" என்றார் தறிக்காரர். "ஜெர்க்கின் எல்லாம் ஒங்க வண்டியிலயில்ல கெடக்கு."

"டிரைவருக்கு இன்னைக்கு நாலு ஜெர்க்கின், நாலு பெட்சீட்டு. மாப்பிள்ளதான்" என்றார் மில்காரர். மறுபடி சிரிப்பு. கூடாரக்காரர் கம்பளி தருவார் என்று பேசிக்கொண்டார்கள். அரிசி என்னிடம். சோறும் அவர்களுக்கு இல்லை.

நான் துணிப்பையைப் பார்த்தேன். சொல்லாதே என்று சொன்ன வார்த்தை. "மொதலாளி இருக்காகளா?" என்று மட்டும் கேட்டேன்.

"படுத்திருக்கான். தலவலியாம். எங்க எல்லாருக்குந்தான் தலவலி."

"சரிங்க."

நாலு மணி இருக்கும். முதலாளி குரல் வந்தது. தனியாக வண்டிக்குள் வந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"எப்பா. அந்தப் பை."

"இருக்கு மொதலாளி."

"மூச்சுப் பம்பு அடிச்சுப் பாத்தேன். கேக்கல. அந்த டப்பாவ... எப்பிடியாச்சும்..."

"மொதலாளி, பேசாதீக. நான் பாக்குறேன்."

"அவனுகளுக்குத் தெரிய வேணாம்."

இரண்டாவது வண்டியிலும் ஒரு செட் இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார். அதற்குள் புரோக்கர் குளிருக்கு ஒண்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னலே டப்பா? எவனுக்குத் தெரிய வேணாம்?" என்று அந்தக் குரல் வந்தது. முதலில் கேலியாய்த்தான் வந்தது. முதலாளியின் மூச்சு மட்டும் கேட்டது. பொத்தானை அழுத்தியபடியே இருந்திருக்கிறார்.

"ஏலே. ஏலே, என்னலே செய்யுது?" இப்போது அதில் கேலி இல்லை.

அரை மணி நேரத்தில் மில்காரர் அக்கரைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். ஓடை இப்போது அறுபது அடி அகலம். எதிரும் புதிருமாய் நின்றோம். அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் அவ்வளவு சத்தம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாக்கி டாக்கியில் பேசினோம்.

"ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"சொல்லாதன்னாக."

"அவன் சொன்னா? அவன் செத்தா யாரு பதில் சொல்றது?"

நான் பையிலிருந்து டப்பாக்களை வெளியே எடுத்தேன்.

டப்பாவைத் தூக்கி எறிந்தால் போகாது. எடை இல்லை, காற்று திருப்பிவிடும். சின்ன வயசில் சோளக்காட்டில் கிளி விரட்டியவன் நான். கவண் சுற்றத் தெரியும். அவர்களுடைய கம்பளிச் சாக்ஸ் ஒன்றில் டப்பாவையும் ஒரு கல்லையும் போட்டுக் கட்டினேன். துண்டைக் கவணாக மடித்துச் சுற்றி விட்டேன். முதல் டப்பா தண்ணீரில் விழுந்தது. விழுந்ததைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். இரண்டாவது கரையில் விழுந்தது. மூன்றாவதும் நாலாவதும் பாறைக்கு அப்பால் போனது. மில்காரர் ஓடிப்போய்ப் பொறுக்கினார். திரும்பி வரும்போது இரண்டு தடவை குனிந்து நின்று மூச்சு வாங்கினார். மீதி இரண்டை நான் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் விட்டுவிடப் பயம்.

"இங்கிட்டு ஒரு டாக்டரும் இல்ல" என்றார். "கீழ எறக்குனாத்தான் சரியாகும்னு கூடாரக்காரன் சொல்றான். கீழன்னா நீங்க நிக்கிற பக்கந்தான். அங்கிட்டுப் போனா இன்னும் ஒசரம்."

"காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி வத்தும். நான் வாரேன்."

"வத்துமா?"

"வத்தும்ங்க."

காலையிலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன். அவர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இருட்டியதும் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டார்கள். பேட்டரி இல்லை. சார்ஜர்கள் என் வண்டியில். நான் என்னுடையதை அணைக்கவில்லை. அதில் இரைச்சல் மட்டும் வந்தது. தூங்கவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

நாலரைக்கு இறங்கினேன். சத்தம் குறைந்திருந்தது. முதலில் வைத்த வெள்ளைக் கல்லைக் காணோம், அது இருந்த இடம் மட்டும் தெரிந்தது. கல்லின் மேலெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். தண்ணீருக்குள் நடந்து பார்த்தேன். கெண்டைக்கால்தான். கால் மரத்துவிட்டது. வண்டியை இறக்கினேன். அரை நிமிஷம் ஆகவில்லை. அக்கரையில் ஏறிவிட்டேன்.

கூடாரத்து வாசலில் முதலாளியை உட்காரவைத்திருந்தார்கள். உதடு நாவல் பழம் தின்றவர் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் தாங்கி என் வண்டியில் ஏற்றக் கூட்டிவந்தார்கள். முன்சீட்டில் அரிசி மூட்டை. அதை அவிழ்த்து இறக்கினேன்.

"எல்லாரும் திரும்பிருவோம்லே" என்றார் புரோக்கர்.

முதலாளி கையை ஆட்டினார். "நீங்க போங்கலே. எனக்காக வேணாம். போட்டோ எடுங்க."



"மேல காசா ஊர்ல ரூமு போட்டுக் கெடக்கு" என்றார் தறிக்காரர், தரையைப் பார்த்து. "ரெண்டே நாள்ல மணாலி வந்துருவோம்."

"நேத்துக் காலையிலயே வண்டி தாண்டியிருந்தா..." என்று மில்காரர் ஆரம்பித்தார்.

"தாண்டியிருந்தா என்ன? நீயுந்தானலே வத்தட்டும்னே" என்றார் புரோக்கர். "நாம எல்லாருந்தான சொன்னோம்."

அவர்கள் சாமான்களை என் வண்டியிலிருந்து இறக்கினார்கள். பெட்டி, ஜெர்க்கின், அடுப்பு. யாருடையது எது என்று பார்த்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. முதலாளி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாமதத்தை அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. குளிரில் கிடந்தவர்கள்.

கடைசியாக மில்காரர் ஜன்னலுக்கு வந்தார். முதலாளி விரலில் துணி உலர்த்தும் கிளிப் மாதிரி ஒரு சின்ன மெஷினை மாட்டினார். கூடாரக்காரர் கொடுத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதில் சிவப்பாய் எண் தெரிந்தது.

"ராத்திரி அறுபத்தொண்ணு வரைக்கும் எறங்கிருச்சு. டப்பா அடிச்சா ஏறும், மறுபடி எறங்கும். மூணும் தீந்துபோச்சு. தொண்ணூறு வந்தாத் தப்பிச்சாருன்னு கூடாரக்காரன் சொல்றான். அது வர்ற வரைக்கும் எங்கயும் நிப்பாட்டாதீக. தூங்கவும் விடாதீக."

"சரிங்க."

ஓடையைத் திரும்பக் கடந்தேன். மேல்முகட்டில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. கீழே இன்னும் நிழல். வாக்கி டாக்கியில் அவர்கள் ஏதோ பேசுவது கேட்டது. இரண்டாவது வளைவில் அதுவும் நின்றுவிட்டது.

கல் ரோட்டில் வேகமாகப் போனால் அவருக்குக் குலுங்கும். மெதுவாகப் போனால் நேரம் ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டினேன். பஞ்சு லோடு ஓட்டியவனுக்கு அது தெரியும். லோடு ஆடாமல் கொண்டுபோக வேண்டும்.

"மொதலாளி, நம்பரு என்ன?"

கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். "அறுபத்தஞ்சு."

ஊரிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிவந்ததில் அந்த சீட்டிலிருந்து ஒரு ஆள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மீதி இருந்த டப்பாவில் ஒன்றைக் கொடுத்தேன். அடித்துக்கொண்டார். எழுபத்திரண்டு ஆனது. கொஞ்ச நேரத்தில் அறுபத்தெட்டு. பாதை ஒரு இடத்தில் மேலே ஏறியது. அறுபத்துநாலு.

"எப்பா, ஏறுறோமா?"

"ஒரு மேடுதான் மொதலாளி. அங்கிட்டு எறக்கம்."

"வெயில்ல தண்ணி ஏறுதாமே."

"ஆமா."

"நம்மூர்ல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"பேசாதீக மொதலாளி. நம்பரு மட்டும் சொல்லுங்க."

கண்ணை மூடினார். நான் ஹாரன் அடித்தேன். எதிரே ஒன்றும் இல்லை. அவர் விழிப்பதற்காக அடித்தேன். விழித்தார்.

"வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம். அவ வேணாம்னுதான் சொன்னா." கொஞ்சம் நிறுத்தினார். "ஒன் வீட்ல யாருக்கும் சொல்லணுமா?"

"இல்ல மொதலாளி."

அதற்குப் பிறகு நாங்கள் வேறு பேசவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நான் கேட்டேன். அவர் சொன்னார். அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபது. கடைசி டப்பாவைக் கொடுத்தேன். எழுபத்தாறு. டப்பா தீர்ந்தது. எழுபத்துமூன்றில் நின்றது. இதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இறக்கம் மட்டும்தான் இருந்தது.

தார் ரோடு வந்தது. எழுபத்தெட்டு. அப்போதுதான் காலில் உணர்ச்சி திரும்பி வலிக்க ஆரம்பித்தது. ஷூவுக்குள் இன்னும் தண்ணீர் கிடந்தது. நிறுத்திக் கழற்றவில்லை.

சுரங்கத்துக்குள் நுழைந்தோம். அவர் விரல் சிவப்பாய்த் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். நான் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். எண்பது. எண்பத்திரண்டு. குரல் கொஞ்சம் நீளமாக வந்தது. நடுவில் மூச்சுக்கு நிறுத்தாமல் "எண்பத்துமூணு" என்று முழுசாகச் சொன்னார்.

சுரங்கம் முடிந்தது. இந்தப்பக்கம் மரம் நின்றது, மலை முழுக்க. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன். ஈர வாசனையோடு காற்று வந்தது. அவர் அதை மூக்கால் இழுத்தார். எண்பத்தைந்து. எண்பத்தாறு. எதிரே மலை ஏறுகிற வண்டிகள் வரிசையாக வந்தன. கூரைக் கண்ணாடியைத் திறந்து பிள்ளைகள் தலையை நீட்டிக் கையை ஆட்டினார்கள். நான் ஓரம் ஒதுங்கி வழி விட்டேன். எண்பத்தாறு. ஆற்றுப் பாலம். எண்பத்தெட்டு. எண்பத்தேழு. ஒரு வளைவு முழுக்க அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு விரலைத் தூக்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

தொண்ணூறு.